பந்தை இழக்கும் இடம்

முப்படைகளின் கால்பந்தாட்டத்தைப் பற்றி ரசிகர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் தீர்ப்பு, அவ்வீரர்களிடம் மூச்சு உண்டு, ஆட்டம் இல்லை என்பதாகும். ஓயாமல் ஓடுவார்கள், பந்தைத் தூக்கி அடிப்பார்கள், எதிரணி களைத்த பிறகு ஒரு கார்னர் உதையில் தலையால் முட்டி வென்றுவிடுவார்கள் என்று, டியூராண்ட் கோப்பையில் படை அணிகள் களமிறங்கும் ஒவ்வொரு ஆண்டும் சொல்லப்படுகிறது; ஆட்டம் அறிந்தவர்கள் நிறைந்த பெங்களூரும் இதற்கு விலக்கில்லை. இத்தீர்ப்பு முற்றிலும் தவறானது என்பதோடு, இந்தியக் கால்பந்தில் மிகுந்த சிந்தனையோடு எடுக்கப்படும் ஒரு முடிவைப் பார்வையிலிருந்து மறைத்தும் விடுகிறது.

உடல்திறன்தான் காரணம் என்ற வாதத்தை வரலாறே மறுக்கிறது. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டியூராண்ட் போட்டியில், பயிற்சி மாணவர்களைக் கொண்ட தேசியப் பாதுகாப்புக் கழகம், கடக்வாஸ்லாவுக்கு இடம்பெயர்வதற்கு முன்னரே, 1953-இல் இறுதி ஆட்டம் வரை வந்தது; நீலகிரியின் வெலிங்டனில் உள்ள படைப்பிரிவு மையத்தின் அணி 1955-லும் 1958-லும் கோப்பையை வென்றது. ஆனால் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையில், முப்படைகளின் கூட்டு அணி 1960-61 பருவத்தில் முதன்முறை வென்றபின் அடுத்த வெற்றிக்கு 2012 வரை காத்திருந்தது; அங்கிருந்து 2024-க்குள் ஆறு முறை வென்றது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் இந்தியச் சிப்பாய் ஓட மறந்திருந்தான் என்று எவரும் சொல்ல முடியாது. தொழில்முறைக் கழகங்களின் முன்னணி வீரர்கள் அப்போட்டியிலிருந்து விலகிப்போனது ஒரு காரணம் என்பதை ஏற்றுக்கொண்டாலும், அந்த இடைவெளி எல்லா அணிகளுக்கும் பொதுவானதே. அதை ஓர் அணி மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டதற்கு வேறு விளக்கம் வேண்டும்.

அவ்விளக்கம் ஒரே ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது. பின்களத்தில் பந்தைப் பெற்ற தடுப்பாட்டக்காரரை எதிரணி முன்கள வீரர் நெருங்கிவரும்போது, பந்தை வசத்தில் வைத்திருப்பதையே பண்பாடாகக் கருதும் அணிகள், அதை நடுக்களத்துக்கோ கோல்காப்பாளருக்கோ குறுகிய தூரத்தில் தட்டிக்கொடுக்கும். படை அணியின் தடுப்பாட்டக்காரர், எதிரணியின் பக்கவாட்டுத் தடுப்பாளரது தலைக்கு மேலாக, மூலைக்கொடியை நோக்கி உயர அடிக்கிறார். அரங்கில் இருப்பவர் இதைப் பந்தை வீணாக்கியதாகக் கணக்கிடுகிறார். எந்த அணியும் ஓர் ஆட்டத்தில் பலமுறை பந்தை இழந்தே தீரும் என்பதால், எங்கே இழப்பது என்பதே கேள்வியாகும்; நடுக்களத்தில் இழந்த பந்து சொந்த கோலை நோக்கி உடனே திரும்பி வருகிறது, மூலைக்கொடி அருகே இழந்த பந்தோ, தன் கோலையே பார்த்து ஓடிக்கொண்டிருக்கும், ஒருபுறம் கோட்டால் அடைக்கப்பட்ட ஓர் எதிரியின் காலில் கிடக்கிறது. படை அணி இழப்பின் இடத்தை முன்கூட்டியே தானே தேர்ந்துகொள்கிறது.

இம்முடிவுக்குப் பொருள் தருபவர், பெயர் குறிப்பிடத் தேவையில்லாத ஒரு நடுக்கள வீரர் ஆவார். கோல் அடித்தோர் பட்டியலில் அவர் அரிதாகவே இடம்பெறுவார். வாணவேடிக்கை போன்ற அசைவு எதுவும் அவரிடம் இல்லை. தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் தொடர்வதால் பெரும்பாலான நேரம் அவர் திரைக்கு வெளியே இருக்கிறார். உயரப் பந்தை முதலில் தலையால் முட்டுபவர் பெரும்பாலும் எதிரணித் தடுப்பாளர்தான். அவ்வாறு முட்டப்பட்டுத் தெறித்து விழும் பந்தையே ஆட்டக்காரர்கள் இரண்டாம் பந்து என்கின்றனர், அதை எடுப்பதே இந்த நடுக்கள வீரரின் வேலை. அவர் பந்தைப் பார்ப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு, எதிரணித் தடுப்பாளரின் தோள்களையே பார்க்கிறார். அத்தோள்கள் அத்தடுப்பாளரது சொந்த கோலை நோக்கித் திரும்பியிருந்தால் பந்து பக்கவாட்டுக் கோட்டின் பக்கமே தெறிக்கும், ஆகையால் நடுக்கள வீரர் கோட்டை நோக்கி நகர்கிறார். தோள்கள் களத்தை நோக்கித் திறந்திருந்தால் பந்து நடுவில் விழும், ஆகையால் அவர் நின்ற இடத்திலிருந்து சில அடி பின்வாங்குகிறார். இந்தப் பின்வாங்கலைத்தான் ரசிகர்கள் தயக்கம் என்கின்றனர். உண்மையில், முன்னேறி ஓடத் துடிக்கும் பத்துப் பேருக்கு நடுவே ஓடாமல் நிற்க முடிவெடுப்பது ஓடுவதைவிடக் கடினமானது. அந்த நிற்றல் தவறிப்போகும் நாளில் படை அணி எவ்வளவு ஓடினாலும் தோற்கிறது.

இவ்வகை ஆட்டம் படைவாழ்வின் சூழலிலிருந்தே பிறக்கிறது. வீரர்கள் வெவ்வேறு பிரிவுகளில் பணிபுரிகின்றனர், இடமாற்றம் பெறுகின்றனர். முப்படைகளுக்கு இடையிலான போட்டியில் தரைப்படை, கடற்படை, விமானப்படை என எதிரெதிராக மோதியவர்களிலிருந்தே கூட்டு அணி தேர்வு செய்யப்பட்டு, ஒரு பயிற்சி முகாமில் இணைகிறது. குறுகிய கைமாற்றங்களால் ஆட்டத்தைப் பின்னுவதற்குப் பல மாத கூட்டு நினைவு தேவை. இழப்பின் இடத்தைத் தேர்வதற்குத் தேவைப்படுவதோ எல்லோருக்கும் விளங்கும் ஒரு விதியும், அதைக் காக்கும் ஒரு மனிதரும்தான். அமெரிக்காவில் 1890 முதல் மோதிவரும் வெஸ்ட் பாயிண்ட் தரைப்படைக் கழகமும் அனாபொலிஸ் கடற்படைக் கழகமும், கையில் பந்தை ஏந்தி ஓடும் அவர்களது கால்பந்தில் இதே போன்ற முடிவுக்கு வந்தன. படை உடல்தகுதி விதிகளாலும், பட்டம் பெற்றபின் ஐந்தாண்டு பணி என்ற கடப்பாட்டாலும் மலைபோன்ற உடல்கொண்ட வீரர்களைத் திரட்ட முடியாத அக்கழகங்கள், டிரிபிள் ஆப்ஷன் எனப்படும் முறையை நெடுங்காலம் கையாண்டன. அதில் ஓரிரு எதிரிகளை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிட்டு, அவர்கள் எப்பக்கம் பாய்கிறார்கள் என்பதைப் பார்த்து, பந்தை அருகிலிருப்பவரிடம் ஒப்படைப்பதா, தானே ஓடுவதா, பக்கத்தில் ஓடிவருபவருக்கு எறிவதா என்று குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்ட இயக்குநர் நொடியில் தீர்மானிக்கிறார். அங்கேயும் இது பழங்கால ஆட்டம் என்றே இகழப்பட்டது. அங்கேயும் இகழ்ந்தவர்கள் ஓட்டத்தைப் பார்த்தார்களே தவிர, தீர்மானத்தைப் பார்க்கவில்லை.

இரு படை அணிகள் நேருக்கு நேர் மோதும்போது இம்முறையின் நுட்பம் இன்னும் தெளிவாகிறது. இருபுறமும் ஒரே விதியை அறிந்தவர்கள் என்பதால் மூலைக்கொடிப் பந்து யாரையும் ஏமாற்றுவதில்லை. ஆட்டம் கோல் வறட்சியில் இறுகுகிறது. சலிப்பு என்று எழுந்துபோவோர் உண்டு. அந்த இறுக்கத்தில் வெல்வது, தன் நடுக்கள வீரரை இரண்டாம் பந்துக்காகக் கூடுதல் நேரம் நிற்கவைக்கத் துணியும் அணியே.

பெங்களூரின் இளம் ரசிகர்கள் இதைத் தவறாகப் படிப்பதற்கு அவர்கள் விளையாடும் களமும் ஒரு காரணம். எலெக்ட்ரானிக் சிட்டியின் தமிழ் மென்பொருள் ஊழியர்கள் உட்படப் பலர், வார இறுதிகளில் வாடகைக்குக் கிடைக்கும் சிறு டர்ஃப் களங்களில், ஐவர் அல்லது எழுவர் அணியாக ஆடுகின்றனர். நான்கு புறமும் வலை கட்டப்பட்ட அக்களத்தில் உயர அடிப்பதற்கு வழியில்லை, பக்கவாட்டுக் கோட்டில் எதிரியை ஒடுக்கவும் வாய்ப்பில்லை. குறுகிய கைமாற்றம் மட்டுமே அறிவுள்ள ஆட்டம் என்ற எண்ணம் அங்கேயே வேரூன்றி, முழு அளவுக் களத்தைப் பார்க்கும் கண்ணையும் ஆள்கிறது. இதே நகரத்தில், அல்சூர் ஏரிக்கரையில், 1780-இல் தோன்றி இன்றும் தன் வீரர்களைத் தம்பி என்றே அழைக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் இருக்கிறது. படைக் கால்பந்தை முழு அளவுக் களத்தில் பார்க்க விரும்புவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வரும் பருவங்கள் படை அணிகளின் இம்முறைக்குச் சாதகமாகவே அமையும். கோல் உதையின்போது பந்து தண்டப் பகுதியைக் கடக்க வேண்டியதில்லை என்று 2019-இல் விதி மாற்றப்பட்டதிலிருந்து, உள்ளூர்க் கழகங்களும் ஐரோப்பாவைப் பார்த்துத் தம் கோலுக்கு முன்னேயே பந்தைத் தட்டி விளையாடத் துணிகின்றன. அதற்குரிய காலடித் திறன் இல்லாத அணிகள் படை அணிகளுக்கு மிக ஆபத்தான இடத்தில் பந்தைப் பரிசளிக்கப்போகின்றன. ஐந்து மாற்று வீரர்களை அனுமதிக்கும் விதி 2022-இல் நிரந்தரமானதால் எதிரணிகளும் புதிய கால்களை இறக்க முடிகிறது. எனவே களைப்பால் வெல்கிறார்கள் என்ற வாதம் சில ஆண்டுகளில் தானே உதிர்ந்துவிடும், வெற்றிகளோ தொடரும். டியூராண்டின் குழுச் சுற்றில் அதிக முதலீட்டுக் கழகம் ஒன்று படை அணியிடம் அடிசறுக்கும் என்பதும், சந்தோஷ் கோப்பையின் அரையிறுதியில் முப்படைகளின் பெயர் இல்லாத பருவங்கள் அரிதாகவே இருக்கும் என்பதும் துணிந்து சொல்லத்தக்கவை. அச்சம் ஒன்றே ஒன்றுதான்: அந்த நடுக்கள வீரரின் கண் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும், 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்காண்டுப் பணிமுறை விளையாட்டு வீரர்களையும் விரைவாகக் கழற்றிவிடுமானால், ஓடுபவர்கள் எஞ்சுவார்கள், நிற்கத் தெரிந்தவர் கிடைக்கமாட்டார்.

தேசிய அணி நடுக்களத்தில் பந்தை இழந்து கோல் வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு ஆள் இல்லை என்று புலம்பப்படுகிறது. தேர்வாளர்கள் அடுத்த முப்படைப் போட்டிக்கு ஒருவரை அனுப்பி, கோல் அடிப்பவரை விட்டுவிட்டு, பந்து பறக்கும்போது பின்வாங்கி நிற்பவரைக் குறித்துவரச் சொல்ல வேண்டும்.