வரைபட மென்பொருளில் மொழித் தரவு: ஒரு திறனாய்வு

மொழி நிலவரைபடங்களைக் களப்பணியாளரே கணிப்பொறியில் வரைந்துகொள்ளும் நிலை இன்று ஏற்பட்டுள்ளது. 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் எனும் கட்டணமற்ற மென்பொருள் இதற்குப் பெரிதும் துணைசெய்கிறது. அதன் ஆவணத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள ‘ஜென்டில் இன்ட்ரொடக்‌ஷன் டு ஜிஐஎஸ்’ எனும் தொடக்க நூல், டி. சட்டன், ஓ. டசாவ், எம். சட்டன் ஆகியோர் 2009இல் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கியது. மொழித் தரவைக் கையாள்வோர்க்கு அந்நூல் எந்த அளவு பயன்படும் என்பது இங்கு ஆராயப்படுகிறது.

நூலின் அமைப்பு பாராட்டுக்குரியது. கணிப்பொறி இல்லாதவரும் தாளில் செய்து பார்க்கத்தக்க பயிற்சிகள் இயல்தோறும் உள்ளன. புள்ளி, கோடு, பரப்பு ஆகிய வடிவங்களும், அவற்றோடு இணையும் பண்புத் தரவு அட்டவணையும் தெளிவாக விளக்கப்படுகின்றன.

சிக்கல் இடைமதிப்பீடு பற்றிய இயலில் தோன்றுகிறது. வானிலை நிலையங்களின் வெப்பநிலையைக் கொண்டு இடைப்பட்ட இடங்களின் வெப்பநிலையைக் கணிப்பது அங்குத் தரப்படும் சான்று. எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை என நூல் எச்சரிப்பதும் உண்மையே. ஆயின் வெப்பநிலை படிப்படியாக மாறுவது. சொல் அவ்வாறு மாறுவதன்று. இக்கருவி எண்களையே ஏற்கும். எனவே துடைப்பம் 1, விளக்குமாறு 2, வாரியல் 3 எனக் குறியீடு இட்டு ஒருவர் இதனைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ‘துடைப்பம்’ வழங்கும் ஊருக்கும் ‘வாரியல்’ வழங்கும் ஊருக்கும் நடுவில் மென்பொருள் 2 எனும் மதிப்பைத் தரும். அங்கு எவரும் சொல்லாத ‘விளக்குமாறு’ வரைபடத்தில் இடம்பெற்றுவிடும். பண்புத் தரவு இயல் கூறும் தனி மதிப்புக் குறியீட்டு முறையே இங்குப் பொருந்துவது. அம்முறையில் ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய குறியோடு, பதிவான ஊரில் மட்டும் நிற்கும்.

இரண்டாவது சிக்கல் வெற்றுக் கட்டம் பற்றியது. மதிப்பு இல்லாத கட்டத்தை மென்பொருள் ‘நல்’ என்று குறிக்கும். மொழிபெயர்ப்பாளர் இதனைச் ‘சுழியம்’ எனப் பெயர்த்தால் பொருள் கெடும். சுழியம் என்பது எண்ணிப் பார்த்து ஒருவரும் இல்லை எனக் கண்டது. ‘நல்’ என்பது மதிப்பே பதிவாகாதது. ‘மதிப்பின்மை’ என்பது ஏற்ற சொல். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகள், நாடு முழுவதிலும் 10,000 பேரேனும் பேசும் 121 மொழிகளையே தனித்தனியே தருகின்றன. எஞ்சியவை ‘பிற’ என்பதில் அடங்குகின்றன. அவ்வாறு அடங்கிய சிறுமொழி ஒன்றன் வெற்றுக் கட்டங்களைச் சுழியமாக நிரப்பினால், பேசுவோர் இருந்தும் அம்மொழி இல்லை என்று வரைபடம் சான்று கூறும்.

‘வெக்டர்’ என்பதற்குக் கணிதத்தின் ‘திசையன்’ எனும் கலைச்சொல்லை அப்படியே ஆள்வதும் சிந்திக்கத்தக்கது. இங்குத் திசை பற்றிய கருத்து இன்றியமையாததன்று. ஆயப்புள்ளிகளால் அமைந்த வடிவம் என்பதே பொருள். கடன்சொல்லை வைத்துக்கொள்வது கற்பவரைக் குழப்பாது.

கருவியை இயக்கும் முறையை இந்நூல் நன்கு கற்பிக்கிறது. தரவின் இயல்பை அறிந்து கருவியைத் தேர்வது மொழியியலாரின் பொறுப்பு. தமிழாக்குவோர் வெப்பநிலைச் சான்றுக்கு அருகில் சொல்வழக்குச் சான்று ஒன்றையும் சேர்ப்பின், அப்பொறுப்பு தொடக்கத்திலேயே உணர்த்தப்படும்.