காருக்குள் சேரும் மூச்சுக்காற்று: அரானெட்4 எப்படி?

சென்னை ஜிஎஸ்டி சாலை நெரிசலில் சிக்கிய கார்களில் பெரும்பாலும் ரீசர்குலேஷன் பொத்தான் அழுத்தியே இருக்கும். லாரிப் புகை உள்ளே வராது, ஏசியும் சீக்கிரம் குளிரும். ஆனால் அதன் பிறகு காருக்குள் சுற்றிச்சுற்றி வருவது பயணிகள் விட்ட மூச்சுக்காற்றுதான். அதை எண்ணாகக் காட்டும் கருவி, லாட்வியாவில் தயாராகும் அரானெட்4.

உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பெட்டி. இரண்டு ஏஏ பேட்டரிகள் போதும், வயர் எதுவும் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் அளவைக் கொண்டு கணக்கிடுவதால் அளவீடு நம்பகமானது. மலிவான பல மீட்டர்கள் வேறு வாயுக்களை வைத்து உத்தேசமாக ஓர் எண்ணைச் சொல்கின்றன. காரில் இருக்கும் பெர்ஃப்யூமே அவற்றைக் குழப்பிவிடும்.

வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. நான்கு பேர் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரீசர்குலேஷனில் ஓட்டினால், சில நிமிடங்களிலேயே 1000ஐத் தாண்டிக் கருவி மஞ்சள் காட்டும். 1400க்கு மேல் சிவப்பு. அப்படியே விட்டால் 2000மும் தூரமில்லை. நீண்ட பயணங்களில் வரும் தலைபாரத்துக்கும் சோர்வுக்கும் இந்த இறுக்கமும் ஒரு காரணம். வெளிக்காற்று வழியைத் திறந்தால் எண் மளமளவென்று இறங்குகிறது. போனில் உள்ள ஆப்பில் இந்த ஏற்ற இறக்கம் வரைபடமாகவே தெரியும்.

2019இல் வந்த கியா செல்டாஸ் போன்ற கார்களில் ஏர் ப்யூரிஃபையர் உண்டு. அது தூசியைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடும்.

குறைகளும் உண்டு. இரண்டு அளவீடுகளுக்கு இடையே மிகக் குறைந்த இடைவெளியே ஒரு நிமிடம் என்பதால் மாற்றம் சற்றுத் தாமதமாகத்தான் தெரியும். 50 டிகிரி வரைதான் தாங்கும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் விட்டுப்போகக் கூடாது. நுண்தூசியை இது அளக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடையும் இது அறியாது. பச்சை காட்டுகிறதே என்று இன்ஜினை ஓடவிட்டு, மூடிய காரில் யாரும் தூங்கிவிடக் கூடாது.

விலை பல ஆயிரம் ரூபாய். இரவெல்லாம் ஆட்களை ஏற்றிச் செல்லும் டாக்சி, வேன் ஓட்டுநர்களுக்கும் குழந்தைகளோடு அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர்களுக்கும் அது தகும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் சிறு பகுதியைச் செலவிட்டு ஏசி ஃபில்டரைக் காலத்தோடு மாற்றலாம். புகைமண்டலத்தைக் கடந்ததும் ரீசர்குலேஷனை அணைப்பதற்குச் செலவே இல்லை.