ஷேக்ஸ்பியர் கால மேடையும் உள்ளரங்கக் கொள்கையும்

ஷேக்ஸ்பியர் காலத்து மேடையின் பின்புறத்தே, திரையிட்ட உள்ளரங்கம் ஒன்று இருந்தது என்பது நெடுநாள் வழங்கிவந்த கொள்கை. படுக்கையறை, கல்லறை முதலிய காட்சிகள் அதனுள் நடிக்கப்பெற்றன என்பர். 1942இல் குளோப் அரங்கைப் பற்றி நூல் எழுதிய ஜான் கிரான்ஃபோர்டு ஆடம்ஸ் இதனை விரித்துரைத்தார். இக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என ஈண்டு ஆராய்வாம்.

1596ஆம் ஆண்டளவில் ஹாலந்து நாட்டவராகிய தெ விட் இலண்டன் ஸ்வான் அரங்கின் உட்புறத்தை வரைந்தார். மூலம் கிடைத்திலது, அவர்தம் நண்பர் எடுத்த படியே எஞ்சியுள்ளது. அதில் முற்றத்துள் நீண்ட மேடை, கூரை தாங்கும் இரு தூண்கள், பின்சுவரில் இரு கதவுகள், மேலே மாடம் ஆகியன உள. உள்ளரங்கம் இல்லை.

படியெடுத்தவர் அதனை விட்டிருக்கலாம் என்பார் உளர். விட்டிருத்தல் கூடும் என்பது, இருந்தது என்பதற்குச் சான்றாகாது. மேலும், மேடையின் பக்கங்களில் இருந்தோர்க்குப் பின்சுவர்க் குழிவினுள் நிகழ்வன நன்கு புலப்படா. 'டெம்பஸ்ட்' நாடகத்தில் ஃபெர்டினாண்டும் மிராண்டாவும் சதுரங்கம் ஆடுதலைப் புராஸ்பரோ வெளிப்படுத்திக் காட்டுகின்றான். இதற்குத் திரையிட்ட சிறு மறைவிடமே சாலும். முழுக் காட்சி நடித்தற்குரிய தனியரங்கம் வேண்டுவதின்று.

இனி, ஸ்வான் படமே எல்லா அரங்கிற்கும் இலக்கணம் எனக் கொள்வதும் பிழையே. 1600இல் எழுதப்பெற்ற ஃபார்ச்சூன் அரங்கின் ஒப்பந்தம், 43 அடி அகன்று முற்றத்தின் நடுவரை நீளும் மேடையைக் குறிக்கின்றது. 1989இல் அகழ்ந்து காணப்பெற்ற ரோஸ் அரங்கின் மேடையோ ஆழம் குறைந்தது, முன்னோக்கிக் குறுகுவது. கர்ட்டன் அரங்கு நீள்சதுரக் கட்டடம் என்பது 2016ஆம் ஆண்டு அகழ்வால் விளங்கிற்று. ஆகவே, அக்கால மேடை ஒரே அமைப்பினதன்று.

உள்ளரங்கக் கொள்கையினர் நாடகத்தின் மேடைக் குறிப்புகளைக் கொண்டே அரங்கைக் கட்டினர். பின்னர் அவ்வரங்கைக் கொண்டு அந்நாடகத்திற்கே பொருள் உரைத்தனர். சான்றும் முடிபும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் இம்முறை ஆய்வாகாது.

எனினும், அரங்கறிவு நாடகப் பொருளுக்குப் புறம்பானது என்று யாம் கூறேம். 'ஹாம்லெட்' இறுதியில் பிணங்களை எடுத்துச் செல்லுமாறு கட்டளை பிறக்கின்றது. முன்திரை இல்லாத மேடையில் இறந்துபட்டோரை அகற்ற வேறு வழி இல்லை. அத்தேவையையே ஆசிரியர் வீரனுக்குரிய இறுதிச் சிறப்பாக ஆக்கினார். உறுதியாக அறிந்த அரங்கே நாடகத்திற்கு விளக்கம் தரும். புனைந்த அரங்கு அதனை மறைக்கும் என்பதே எம் துணிபு.