ஒரு சத்தியத்தின் எடை

ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'பிரிவு' என்னும் திரைப்படம் 2011இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதையும், 2012இல் அந்நாட்டுக்கு முதலாவது ஆஸ்கார் விருதையும் ஈட்டித் தந்தது. மணமுறிவு கதையின் தலைவாயில் மட்டுமே. அதன் உயிர்நிலையோ ராழியா என்னும் ஏழைப் பணிப்பெண்.

கற்றறிந்த எசமானன் நாதிர் நீதிபதி முன் துணிந்து பொய்யுரைக்கிறான். அவளும் உண்மையை மறைத்தவளே. ஆயினும், கருச்சிதைவுக்கான ஈட்டுத்தொகை கைக்கெட்டும் வேளையில், அவனே காரணமெனத் திருமறை மீது ஆணையிடக் கேட்டபோது அவளுக்கு நா எழவில்லை. உள்ளத்தில் ஐயம்; அப்பணம் ஹராமாகித் தன் மகளைத் தீண்டுமோ என்ற அச்சம். கடன்காரர்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள், அவளோ மறுக்கிறாள்.

இறையச்சத்தை ஏளனமும் செய்யாமல், அதனை உடையவளைப் புனிதவதியாக்கவும் முனையாமல் காட்டிய நேர்மையே, அன்பர்களே, அவ்விருதுகளுக்கு உரிய தகுதி!