விளிச்சொல்லும் உறவும்: 'டோக்கியோ லவ் ஸ்டோரி' தொடரை முன்வைத்து

ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் 1991 ஜனவரி முதல் மார்ச் வரை திங்கட்கிழமை இரவுகளில் ஒளிபரப்பான 'டோக்கியோ லவ் ஸ்டோரி' 11 பகுதிகளைக் கொண்டது. சைமோன் ஃபுமியின் சித்திரக்கதையைத் தழுவிச் சாகாமோட்டோ யூஜி எழுதியது. சித்திரக்கதையில் நடுவிடம் நாகாவோ கன்ஜி என்னும் இளைஞனுக்குரியது. தொடரிலோ அவ்விடத்தை, அவனுடன் பணிபுரியும் அகானா ரிக்கா எடுத்துக்கொள்கிறாள். வேலைவாய்ப்பில் ஆண் பெண் சமவாய்ப்புச் சட்டம் ஜப்பானில் 1986இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அலுவலகம் புகுந்த தலைமுறையின் பெண்ணாகவே ரிக்காவைக் காண வேண்டும்.

எனினும் இத்தொடரில் அலுவலகம் காட்டப்படும் அளவுக்கு அலுவல் காட்டப்படுவதில்லை. விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றில் ரிக்கா பணிபுரிகிறாள்; திறமையானவள் என்றும் உணர்கிறோம். ஆனால் அமெரிக்கக் கிளைக்கு மாற்றல் என்ற பேச்சு எழும்போது, அது அவள் பணிவாழ்வின் வினாவாக அன்றிக் காதலின் வினாவாகவே கையாளப்படுகிறது. இது தொடரின் குறை. ரிக்கா ஆணுக்கு நிகரானவள் என்பதை இங்குத் தாங்கி நிற்பது நிகழ்ச்சிகள் அல்ல, அவளுடைய பேச்சே. ஆகவே மொழிபெயர்ப்பாளர் கவனம் கொள்ள வேண்டிய இடமும் அதுவே.

எஹிமே மாவட்டத்திலிருந்து டோக்கியோ வந்த கன்ஜியைப் பள்ளித்தோழர்களும் 'நாகாவோ' என்னும் குடும்பப் பெயரால்தான் அழைக்கின்றனர். ரிக்கா மட்டும் அவனுடைய இயற்பெயரைச் சற்றே திரித்துக் 'கன்ச்சி' என்கிறாள். அவளைக் குடும்பப் பெயரால் விளித்துவந்த அவன், 'ரிக்கா' என்று அழைக்கத் தொடங்குவது கதையில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒப்பானது.

தமிழில் முதல் இடர் எழுத்திலேயே தொடங்குகிறது. இயற்பெயருக்கும் செல்லப்பெயருக்கும் உள்ள வேறுபாடு ஒலிப்புடைமை ஒன்றே. மெல்லினத்தை அடுத்து வரும் சகரம் தமிழில் ஒலிப்புடையதாகவே ஒலிக்கும். எனவே தமிழ் மரபுப்படி எழுதினால் இரண்டு பெயரும் 'கஞ்சி' என்றாகிவிடும், காதலன் உணவாகிவிடுவான்! கிரந்த ஜகரத்தையும் சகர இரட்டிப்பையும் கொண்டு கன்ஜி, கன்ச்சி என வேறுபடுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. தனித்தமிழ் விரும்புவோரும் இவ்விடத்தில் சற்று இளகலாம்.

இரண்டாவது இடர் இதனினும் கடியது. ஜப்பானிய வினைமுற்று இடம், எண், பால் காட்டாது. பணிவு வடிவும் இயல்பு வடிவும் உண்டு. முன்னிலைப் பெயரைச் சொல்லாமலே பேசிவிடலாம். தமிழ் வினைமுற்றோ 'வந்தாயா', 'வந்தீர்களா' என்று உடனே உறவைத் தீர்மானித்துவிடுகிறது. உடன்பணியாற்றும் ஆடவனிடம் தொடக்கத்திலேயே இயல்பு வடிவில் பேசும் ரிக்காவுக்கு 'நீ' என்பதைக் கொடுத்தால், தமிழ்ச் செவிக்கு அவள் மரியாதை அறியாதவள். 'நீங்கள்' என்பதைக் கொடுத்தால் அவள் ரிக்காவே அல்லள். (இக்கட்டுரையில் 'அவள்' என்று எழுதும்போதே நானும் ஒரு தீர்ப்பு வழங்கியவனாகிறேன்.)

பாதுகாப்பான வழி எனக் கருதி இருவருக்கும் 'நீங்கள்' கொடுத்து, காதல் அரும்பியதும் 'நீ' என மாற்றுவோர் இருக்கக்கூடும். இம்முறையில் நெருக்கத்தை அளப்பவன் கன்ஜியாகவும், அவனைத் தொடர்ந்து செல்பவள் ரிக்காவாகவும் மாறிவிடுவர். மூலத்தில் நிகழ்வது இதன் மறுதலை. எனவே ரிக்காவுக்குத் தொடக்கமுதல் 'நீ', கன்ஜிக்கு முதலில் 'நீங்கள்', பெயரால் அழைக்கும் கட்டத்தில் 'நீ' என்ற சமனின்மையே மூலத்துக்கு நெருக்கமானது. அது உறுத்தும், உறுத்தட்டும். கன்ஜி இறுதியில் மணப்பது மழலையர் பள்ளி ஆசிரியையான சாதோமியை. ரிக்காவின் பேச்சை மென்மையாக்கிவிட்டால் இவ்விரு பெண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு உடையளவில் நின்றுவிடும்.

பிரிவின்போது, மாட்சுயாமா நகரின் கடலோர பைஷின்ஜி நிலையத்துக் கம்பியில் ரிக்கா ஒரு கைக்குட்டையைக் கட்டிச் செல்கிறாள். அதில் 'பை பை கன்ச்சி' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. அத்தொடரில் வினைமுற்று இல்லை. நீயும் இல்லை, நீங்களும் இல்லை. 11 பகுதிகளிலும் மொழிபெயர்ப்பாளரை அலைக்கழித்தவள், அந்த ஓரிடத்தில் மட்டும் அவரை விட்டுவிடுகிறாள்.