மரப்பெரணியைக் காம்பிலிருந்து பாருங்கள்

கொடைக்கானல், நீலகிரிச் சோலைகளில் ஓடையோரமாகக் குடைவிரித்து நிற்கும் மரப்பெரணியைக் கண்டதும் எல்லோரும் அண்ணாந்து ஓலையைத்தான் பார்க்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நெருங்கிய உறவுள்ள இனங்களின் ஓலைகள் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். நான் சொல்வேன்: முதலில் காம்பின் அடிப்பகுதிக்குக் குனியுங்கள்.

'ஜைகாண்டியா' இனத்தின் காம்பு கருகருவென்று மினுங்கும். அடியில் மட்டும் கரும்பழுப்புச் செதில்கள். இன்னும் உயரமான, குளிர்ந்த சோலைகளில் வளரும் 'கிரினைட்டா'விலோ வெளிர்பழுப்புச் செதில்கள் காம்பையே மறைக்கும் அளவுக்கு அடர்ந்திருக்கும். இலங்கை மலைகளிலும் இது உண்டு. விரியாத இளஞ்சுருள் கிடைத்தால் அதிர்ஷ்டம், செதில்கள் உதிராமல் முழுசாக இருக்கும்.

அடுத்து ஓலையின் அடிப்புறம். பழுப்புப் பொட்டுகள்தாம் வித்துத்தூள் பைகளின் கொத்துகள். ஜைகாண்டியாவில் அவை அம்புமுனை வடிவில் வரிசைகட்டி நிற்கும். மேலே மூடி இருக்காது.

இந்த மூடிக்கு ஒரு கதை உண்டு. கிண்ணம்போல முழு மூடி இருந்தால் சையாத்தியா, பாதி மூடி என்றால் ஹெமிடீலியா, மூடியே இல்லாவிட்டால் அல்சோஃபிலா என்றுதான் 19ஆம் நூற்றாண்டில் பேரினங்களைப் பிரித்தார்கள். சென்னை மாகாண வனத்துறையில் இருந்துகொண்டு தென்னிந்தியப் பெரணிகளை வரைந்து பதிப்பித்த பெடோம் காலத்து வழக்கம் அது. பார்க்கச் சுலபம், ஆனால் ஏமாற்றும் அடையாளம். வெவ்வேறு கிளைகளில் மூடி தனித்தனியாக மறைந்திருக்கிறது. மூடியில்லாத இரண்டு செடிகள் சொந்தமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெரணி ஆய்வாளர் ஹோல்ட்டம் 1963இல் எல்லாவற்றையும் சையாத்தியா என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார். 1970இல் இன்னொரு ஆய்வாளரான டிரையன் காம்புச் செதிலை வைத்துப் பிரித்தார். பின்னால் வந்த மரபணு ஆய்வுகள் செதில் பக்கமே பெரும்பாலும் சாய்ந்தன. கிரினைட்டா முதலில் அல்சோஃபிலாவாக இருந்து, சையாத்தியாவாகி, இன்று மறுபடி அல்சோஃபிலா. பெயர் அதேதான், காரணம் வேறு!

அந்தச் செதிலை நீங்களும் பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். உதிர்ந்த காம்பிலிருந்து ஒரு செதிலை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓரத்துச் செல்கள் நடுச்செல்களிலிருந்து வேறுபட்டு, வேட்டிக்குக் கரை வைத்தாற்போல் தனியாகத் தெரியும். ஸ்ஃபிரோப்டெரிஸ் என்ற இன்னொரு பேரினத்தில் இந்தக் கரை இல்லை. செதில் முழுக்க ஒரே மாதிரிச் செல்கள்.

பச்சை ஓலையை ஒடிக்காதீர்கள். மரப்பெரணிகளின் பன்னாட்டு வணிகமே கட்டுப்பாட்டில் இருக்கிறது. காப்புக்காட்டில் எதையும் எடுக்க அனுமதி வேண்டும். படம் எடுத்தாலே போதும்: காம்படி, ஓலையின் அடிப்புறம், தண்டு, கடைசியில் முழு மரம். அளவு தெரிய, நெருக்கத்தில் எடுக்கும் படங்களில் விரலை ஓரத்தில் வையுங்கள்.