சரக்குப் பட்டியலாகிய பட்டினப்பாலை: ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தில் இலக்கியச் சான்று

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் வரலாறும் புவியியலும் குடிமையியலும் பொருளியலும் சமூக அறிவியல் என்னும் ஒரே பாடத்துள் அடங்கும். 2018இல் பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது முதலில் வெளிவந்த நூல்களுள் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலும் ஒன்று. முந்தைய நூல்களோடு ஒப்பிட்டால் அதன் மேம்பாடு வெளிப்படையானது. படங்கள் தெளிவாக உள்ளன, நிலப்படங்கள் படிக்கத்தக்கனவாக உள்ளன, செயல்பாடுகள் சேர்க்கப்பட்டுள்ளன. அம்மாற்றத்தின் பயனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்நூலின் முதற்பருவத்தில் அமைந்த 'தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள்' என்னும் ஒரு பாடத்தை, குறிப்பாக அதில் பூம்புகார் பற்றிய பகுதியை, எடுத்துக்கொண்டு, அப்பாடம் சங்க இலக்கியத்தை எவ்வாறு சான்றாகப் பயன்படுத்துகிறது என்பதை மட்டுமே இங்கு ஆராயலாம். வரலாற்றில் சான்று என்பது யாது என்று பதினொரு வயதுப் பிள்ளை முதன்முதலாக அறிய வேண்டிய இடத்திலேயே அந்த அறிவு அதனிடமிருந்து விலக்கி வைக்கப்படுகிறது என்பது என் கருத்து.

பூம்புகாரின் வணிகத்தைப் பாடம் விவரிக்கும் முறை இது: குதிரைகள் கடல்வழியாக இறக்குமதியாயின; மிளகு தரைவழியாக வந்தது; வடமலைப் பொன் மெருகேற்றப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று; மேற்கு மலைச் சந்தனமும் தென்கடல் முத்தும் கீழ்க்கடல் பவளமும் ஈழத்து உணவும் இறக்குமதி வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. பத்துப்பாட்டைப் பயின்றவர்க்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், பட்டினத்தின் மறுகில் குவிந்து கிடக்கும் பண்டங்களைச் சொல்லும் ஒரு சில அடிகளின் உரைநடை வடிவமே இது.

ஆனால் அவ்வடிகளை மீண்டும் படித்துப் பார்த்தால், பாடநூல் தருவது அவற்றின் பொழிப்பு அன்று என்பது புலப்படும். பாட்டில் பொன் வடமலையில் பிறந்தது என்ற செய்தி மட்டுமே உண்டு. அது மெருகேற்றப்பட்டதாகவோ வெளிநாட்டிற்குச் சென்றதாகவோ அங்கு ஒரு சொல்லும் இல்லை. வடமலை, குடமலை, தென்கடல், குணகடல் எனப் புலவர் நான்கு திசைகளையும் வரிசையாக அழைக்கிறார். திசைதோறும் இவ்விரு பொருளாகவோ ஒரு பொருளாகவோ வைக்கிறார். எல்லாம் ஒரே தெருவில் வந்து நெரிகின்றன. உலகின் நாற்புறமும் இவ்வூரில் வந்து கூடியது என்னும் நிறைவு உணர்ச்சியே அந்த அடுக்கின் நோக்கம். இதை ஏற்றுமதி, இறக்குமதி என்னும் இரு பத்திகளாகப் பிரித்தவர் பாடநூலாசிரியரே. பட்டினப்பாலையில் இருவழிப் போக்கைச் சொல்லும் இடம் வேறு: நீரிலிருந்து நிலத்திற்கும் நிலத்திலிருந்து நீருக்கும் செல்லும் பண்டங்களுக்குப் புலிப்பொறி இடப்பெறும் சுங்கக் காட்சி அது. எந்தப் பண்டம் எத்திசையில் சென்றது என்று அங்கும் கூறப்படவில்லை.

மிளகு 'தரைவழி' வந்தது என்பதும் ஒரு முடிவே. பாட்டிலுள்ள 'கால்' என்னும் சொல் காற்று என்றும், வண்டிச் சக்கரம் என்றும் பொருள்பட இடந்தருவது. நீரின் வழியே குதிரை என்று முன் வந்திருப்பதால் அடுத்து வருவதை நிலத்தின் வழி என்று கொள்வது பொருத்தமானதே. நானும் அவ்வாறே கொள்வேன். எனினும் அது ஒரு சொல்லின் பொருள் குறித்து ஒருவர் செய்த தேர்வு. தேர்வு நிகழ்ந்ததன் தடயமே பாடத்தில் இல்லை. மேலும், குடமலைச் சந்தனத்தையும் ஈழத்து உணவையும் ஒரே 'இறக்குமதி' என்னும் சொல்லால் குறிக்கும்போது, இன்றைய நாட்டு எல்லைகள் பழைய பட்டினத்தின் மேல் ஒருபுறம் போர்த்தப்படுகின்றன, மறுபுறம் கலைக்கப்படுகின்றன. ஏழாம் எட்டாம் வகுப்புகளில் பொருளியல் படிக்கும்போது இச்சொல்லின் பொருளைப் பிள்ளைகள் மறுபடியும் கற்க நேரும்.

இவை சிறு பிழைகள் எனக் கொள்ளலாம். பெரிய இழப்பு வேறிடத்தில் உள்ளது. பட்டினப்பாலை ஒரு பாலைப்பாட்டு. பொருள்தேடிப் பிரிய எண்ணும் தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். இருநூறு அடிகளுக்கு மேல் பட்டினத்தின் வளமெல்லாம் விரிந்தபின், இத்தகைய பட்டினத்தையே பெறுவதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்று அவன் சொல்லிவிடுகிறான். இறுதியில், தான் கடக்கவேண்டிய காடு கரிகாலனின் வேலைவிட வெம்மையானது என்றும், அவள் தோள் அவன் செங்கோலைவிடத் தண்மையானது என்றும் முடிக்கிறான். ஆகவே, மிளகும் முத்தும் பவளமும் இப்பாட்டில் வருவது துறைமுகத்தின் கணக்கேட்டை ஒப்பிப்பதற்காக அன்று. அவை ஒருவன் வேண்டாமெனத் தள்ளும் விலையின் அளவைக் காட்ட வந்தவை. அதனோடு அவை அரசன் ஒருவனின் புகழுக்கும் உரியவை.

இப்படிச் சொல்வதால் பட்டினப்பாலை வரலாற்றுச் சான்றாகும் தகுதியை இழக்கிறது என்று கருத வேண்டியதில்லை. உண்மையில் அதன் தகுதி இங்குதான் தொடங்குகிறது. தள்ளப்படும் விலை கேட்போர் மதிக்கும் விலையாக இருந்தால்தான் தள்ளுதலுக்குப் பெருமை. பட்டினம் என்றவுடன் கேட்போர் மனத்தில் கடல்வழிக் குதிரையும் மிளகு மூட்டையும் எழுந்தன என்றால், அப்பண்டங்களின் வரவு அக்காலத்தார்க்குப் பழகிய செய்தி என்று ஊகிக்க இடமுண்டு. புகழ்ச்சிக்குத் தேவையற்ற சுங்கப் பொறியைப் புலவர் சொல்லியிருப்பது இன்னும் வலிமையான குறிப்பு. ஒரு பாட்டிலிருந்து வரலாறு பெறப்படும் வழி இதுவே. பாடநூல் இந்த வழியை மறைத்து, வழியின் முடிவில் கிடைத்ததை மட்டும் கையில் கொடுக்கிறது.

மதுரைப் பகுதியிலும் இதே நிலை. நாளங்காடி, அல்லங்காடி என்னும் இரு சொற்களும் பகற்கடை, இரவுக்கடை எனப் பொருள் தரப்பெற்றுப் பொருத்துக வினாவுக்கு ஏற்ற வடிவில் வந்துவிடுகின்றன. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடிய 782 அடிப் பாட்டில் அந்த அங்காடிகள் இடம்பெற்றன என்பதும், அழிவை நினைவூட்டும் ஒரு பாட்டு ஊரின் இரைச்சலை அவ்வளவு நேரம் ஏன் கேட்க வேண்டும் என்பதும் வகுப்பறையில் எழுப்பத்தக்க கேள்விகள். காஞ்சியைப் பொறுத்தவரை இச்சிக்கல் குறைவு. கயிலாசநாதர் கோயில் இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இந்நூலின் முதற்பாடமே வரலாறு என்றால் என்ன என்பதைப் பற்றியது என்பதை இங்கு நினைவூட்ட வேண்டும். கல்வெட்டு, நாணயம், நினைவுச்சின்னம், இலக்கியம் எனச் சான்றுகளை அது அறிமுகம் செய்கிறது. நான்காம் பாடத்திற்கு வரும்போது அந்த வகைப்பாடு பயன்படுத்தப்படாத கருவியாகக் கிடக்கிறது. இவ்வளவுக்கும் பூம்புகார் அக்கருவியைப் பழக்குவதற்கு மிக உகந்த ஊர். 1960களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளம் கிடைத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தாலமி குறிப்பிடும் கபேரிஸ் என்னும் வணிகத் துறையைக் காவிரிப்பூம்பட்டினமாக அறிஞர் பலரும் அடையாளம் காண்கின்றனர். எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், கோயில் ஒன்றில் புதைக்கப்பட்டிருந்த இந்தியத் தாழியில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு கண்டெடுக்கப்பட்டது. பாட்டும் செங்கல்லும் அயலவர் ஏடும் மிளகுத் தாழியும் நான்கு விதமாகப் பேசுகின்றன. எவை ஒத்துப்போகின்றன, எதைப் பற்றி ஒன்று மட்டுமே பேசுகிறது என்று கேட்டாலே பாடம் நடந்துவிடும். பெரெனிகே மிளகு பூம்புகார் வழியாகச் சென்றது என்பதற்குச் சான்றில்லை, அது மேற்குக்கரைத் துறையிலிருந்து சென்றிருக்கவே வாய்ப்பு மிகுதி என்பதையும் பிள்ளைகளே கண்டு சொல்வார்கள். அது இன்னும் நல்ல பாடம்.

இது ஆறாம் வகுப்பிற்கு அதிகம் என்று கூறுவோர் உண்டு. பதினொரு வயதுப் பிள்ளை புகழ்ச்சியையும் செய்தியையும் வேறுபடுத்தாது என்பது அவர்கள் எண்ணம். ஊர்த் தெருவில் மணவிழாவுக்குக் கட்டிய பதாகையில் மணமகன் மாவீரன் என்று எழுதியிருந்தால், அவர் எந்தப் போரில் வென்றார் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. ஆனால் அதே பதாகையிலிருந்து மணநாளையும் மண்டபத்தையும், யார் யார் அவருக்குப் பங்காளி என்பதையும் பிழையின்றி அறிந்துகொள்கிறது. சான்றை எடைபோடும் திறன் அதனிடம் உள்ளது. பாடநூல் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை.

மற்றொரு தயக்கம் இதைவிட ஆழமானது: சங்க இலக்கியத்தை இவ்வாறு கேள்விக்கு உட்படுத்தினால் தமிழின் தொன்மை குறித்த நம்பிக்கை தளராதா? இத்தயக்கத்தை எள்ளல் செய்ய நான் விரும்பவில்லை; தமிழரின் பழமை புறக்கணிக்கப்பட்ட பாடநூல்களைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையின் நியாயமான அச்சம் அது. எனினும் கீழடியைக் கருதிப் பார்க்கலாம். 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் மாநிலத் தொல்லியல் துறை பணியைத் தொடர்ந்து, 2019இல் வெளியிட்ட அறிக்கையில் கரிமப் பகுப்பாய்வின் துணையோடு கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் காலக்கணிப்பை முன்வைத்தது. முதலிரு கட்ட அகழாய்வுகள் பற்றி அமர்நாத் ராமகிருஷ்ணா 2023இல் அளித்த அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025இல் இந்தியத் தொல்லியல் துறை கேட்டபோது எழுந்த விவாதம் நாடறிந்தது. அவ்விவாதம் மண்ணடுக்கு, காலக்கணிப்பு, பானையோட்டு எழுத்து ஆகியவற்றைச் சுற்றியது. முடிவுகளை மட்டுமே மனனம் செய்து வளர்ந்த மாணவருக்கு அதில் பங்கில்லை. அவர் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம்; மதிப்பிட இயலாது. தொன்மையை நிறுவுவோர்க்கும் மறுப்போர்க்கும் இடையில் அவர் ஒரு கையொலியாக மட்டுமே எஞ்சுவார். தமிழின் பழமைக்கு அவரால் என்ன துணை கிடைக்கும்?

குறையை முழுதும் நூலின் மேல் சுமத்துவதும் முறையாகாது. வரலாற்றில் பட்டம் பெற்ற ஆசிரியரே இவ்வகுப்புகளில் நிலநடுக்கோட்டையும் உள்ளாட்சியையும் நடத்துகிறார். புவியியல் பயின்றவர் பட்டினப்பாலையை நடத்துகிறார். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் சமூக அறிவியலுக்கு 60 வினாக்கள். அனைத்தும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வகையின. அத்தேர்வில் வெல்ல மிளகு தரைவழி வந்தது என்பதை நினைவில் வைத்திருந்தால் போதும். அடுத்த பாடவேளையில் அதே வகுப்பறைக்குள் நுழையும் தமிழாசிரியருக்குத் திணையும் துறையும் கூற்றும் கைவந்தவை. ஒரே பாட்டு ஒரு பாடவேளையில் செய்யுளாகவும் மறு பாடவேளையில் புள்ளிவிவரமாகவும் இருக்கிறது. இவ்விருவரும் ஒரு மணி நேரம் சேர்ந்து அமர எந்தச் சுற்றறிக்கையும் தடையில்லை. ஆனால் அதற்கான தேவையை எந்தப் பயிற்சிக் கையேடும் உணர்த்துவதுமில்லை.

அடுத்த திருத்தத்தில் செய்யத்தக்கது மிகச் சிறியது. பண்டங்கள் குவியும் அந்த அடிகளை எளிய உரையோடு பெட்டிச் செய்தியாக அச்சிட்டு, அருகில் கீழையூர்ப் படகுத்துறையின் படத்தை வைக்கலாம். பயிற்சிப் பகுதியில் கோடிட்ட இடங்களுள் இரண்டை நீக்கி, இதைச் சொல்பவன் யார், யாரிடம் சொல்கிறான், பொன் வெளிநாட்டுக்குச் சென்றது என்று பாட்டில் எங்காவது உள்ளதா என்னும் வினாக்களைச் சேர்க்கலாம். கடைசி வினாவுக்கு 'இல்லை' என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் வழங்க, விடைக்குறிப்பும் அதற்கேற்ப மாற்றப்பட வேண்டும்.